எட்டாம் நாணயம்

டாரட் சீட்டுக்கட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குச் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஜோசியம் என் விஷயமல்ல. கட்டைக் கையில் எடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் விஷயம் என்பதும் தெரிந்ததே. மதிய உணவு வேளையில் என் மேஜைமேல் ஒரு கட்டைப் பார்த்துவிட்ட சக குமாஸ்தா, "சார், என் டிரான்ஸ்ஃபர் எப்போ வரும்னு இதுல கொஞ்சம் பாருங்களேன்" என்றார். கிளியில்லாத கிளி ஜோசியம் என்று அவர் எடுத்துக்கொண்டதில் தவறொன்றுமில்லை. படம் போட்ட சீட்டு, அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள், கேட்க ஓர் ஆள். எனக்கு அக்கறை அந்தப் படத்தில். இன்று புதிது புதிதாக வந்து குவியும் சித்திர டாரட் கட்டுகளில் ஒன்றை நல்லது என்றும் இன்னொன்றை வெறும் அச்சுக்காகிதம் என்றும் எதை வைத்துச் சொல்வது? இது விமர்சனப் பிரச்னை. விமர்சனப் பிரச்னை என்பதாலேயே வரலாற்றுப் பிரச்னையும்கூட.

முதலில் குப்பையை ஒதுக்கிவிட வேண்டும். டாரட் எகிப்திலிருந்து வந்தது, தோத் என்ற தேவதையின் ரகசிய நூல் அது, பூசாரிகள் அதைச் சீட்டுகளாக மாற்றி ஒளித்துவைத்தார்கள் என்று 1781-இல் பாரிஸில் எழுதினார் கூர் த ஜெபலன் என்பவர். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியது 1822-இல். அதாவது, எழுத்தைப் படிக்கத் தெரியுமுன்பே நூலின் பொருளைச் சொல்லிவிட்டார்கள். (இந்த வித்தை நம் விமர்சகர்களுக்கும் அன்னியமானதல்ல.) எட்டு ஆண்டுகளுக்குள் எத்தெய்யா என்ற பெயரில் — அல்லியெத் என்ற தன் பெயரைப் பின்னிருந்து எழுதிக்கொண்டவர் — இன்னொருவர் ஜோசியத்துக்கென்றே ஒரு கட்டை அச்சிட்டு விற்கத் தொடங்கிவிட்டார். நடந்தது இதற்கெல்லாம் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது, மிகச் சாதாரணமானதும்கூட. 1440-களில் வட இத்தாலியப் பிரபுக்கள் சீட்டாடினார்கள். ஏற்கனவே இருந்த கோல், கிண்ணம், வாள், நாணயம் என்ற நான்கு வகைச் சீட்டுகளோடு படம் வரைந்த சீட்டுகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நாம் துருப்பு என்று சொல்கிறோமே, அந்த வேலையைச் செய்வதற்காக. சக்கரவர்த்தி, போப், காதலர், மரணம், சூரியன் எல்லாம் மற்ற சீட்டுகளை வெட்டுவதற்காகப் பிறந்த உருவங்கள். மிலான் பிரபு குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் தங்கத் தகடு பதித்திருக்கிறது. அதில் எஞ்சியிருக்கும் 74 சீட்டுகள் நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் பெர்கமோ நகரத்து அருங்காட்சியகத்திலும் ஒரு குடும்பத்தார் கையிலுமாகப் பிரிந்துகிடக்கின்றன. சாத்தானும் கோபுரமும் காணவில்லை. இதில் ரகசிய அர்த்தம் தேடுகிறவர்கள் தேடலாம். சீட்டுகள் தொலைவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இந்த வரலாற்றைச் சுத்தமாக எழுதிக் காட்டியவர் ஒரு தர்க்கவாதி. ஃப்ரெகேயைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பேர்போன ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் மைக்கேல் டம்மெட். டாரட் முதலில் ஆட்டம், பல நூற்றாண்டுகள் வரை ஆட்டம் மட்டுமே என்று 1980-இல் ஒரு பெரிய புத்தகத்தில் நிறுவினார். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள், எதிர்காலத்தைப் பற்றிய கவலை இல்லாமல்.

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்த என் போன்றவர்களுக்கு டாரட் அறிமுகமானது எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' (1922) வழியாக. ஜலதோஷம் பிடித்த ஒரு ஜோசியக்காரி அதில் சீட்டுகளை எடுத்துவைக்கிறாள். அவள் எடுப்பவற்றில் சில எந்த டாரட் கட்டிலும் கிடையாது. மூழ்கிப்போன மாலுமியும் ஒற்றைக்கண் வியாபாரியும் எலியட்டின் சொந்தச் சரக்கு. கவிதைக்கு அவரே எழுதிய குறிப்பில், கட்டின் சரியான அமைப்பு தனக்குப் பரிச்சயமில்லை, வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டேன் என்கிறார். வகுப்பில் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அதே குறிப்பில் மூன்று கோல்களோடு நிற்கும் மனிதனைப் பற்றியும் பேச்சு வருகிறது. அவன் உண்மையிலேயே டாரட்டில் இருப்பவன் என்று எலியட் ஒப்புக்கொள்கிறார். இங்கேதான் நிற்க வேண்டும். பழைய மார்செய் கட்டில் மூன்றாம் கோல் என்றால் மூன்று கோல்கள் மட்டும், நம் சீட்டில் மூன்று ஸ்பேடு இருப்பதுபோல. மனிதன் கிடையாது. மனிதன் வந்தது 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் கம்பெனி வெளியிட்ட கட்டில். மேட்டின்மேல் முதுகு காட்டி நின்றுகொண்டு, கீழே நீர்ப்பரப்பையும் கப்பல்களையும் பார்த்தபடி, பக்கத்தில் நட்ட மூன்று கோல்களில் ஒன்றைப் பிடித்திருக்கிறான். அந்த மனிதனை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். நவீன கவிதையின் மையமான பிரதி என்று நமக்குச் சொல்லித்தரப்பட்ட ஒன்றுக்குள் அவருடைய சித்திரம் நேராகவோ சுற்றியோ புகுந்திருக்கிறது என்பதே பொருத்தமான ஊகம். எலியட் அப்போது லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தா (எங்கள் வர்க்கத்தார் அடிக்கடி நினைத்து ஆறுதலடையும் தகவல்). அவரைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறார்கள். நான் பரீட்சைக்குப் படித்த நோட்ஸ் எதிலும் பமீலாவின் பெயர் இருந்ததில்லை.

1878-இல் லண்டனில் பிறந்து, மான்செஸ்டரிலும் ஜமைக்காவிலும் வளர்ந்து, புரூக்ளினில் பிராட் நிறுவனத்தில் சித்திரம் படித்தவர் பமீலா. ஜமைக்காவின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துத் தானே படமும் வரைந்து 1899-இல் புத்தகமாக்கினார். லைசியம் நாடகக் கோஷ்டியோடு அலைந்தார். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும்விடச் சுவாரஸ்யமானது, 1903-இல் அவர் 'கிரீன் ஷீஃப்' என்று ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார் என்பது. படங்களுக்குக் கையாலேயே வர்ணம் தீட்டி வெளிவந்தது. யேட்ஸும் மேஸ்ஃபீல்டும் எழுதினார்கள். அடுத்த ஆண்டே, 13 இதழ்களோடு நின்றுபோயிற்று. ஏன் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1907 ஜனவரியில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் தன் புகைப்படக் காலரியில் பமீலாவின் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். புகைப்படமல்லாத ஒன்று அந்தச் சுவரில் ஏறியது அதுவே முதல் தடவை. ரொதாங்கும் மாதிஸும் அங்கே வந்தது இதற்குப் பின்னால்தான்.

டாரட் வேலையைக் கொடுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். இருவரும் ஒரே மறைஞானச் சங்கத்தில் இருந்தவர்கள். 22 துருப்புகளில் என்னென்ன குறியீடு எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதில் வெய்ட்டுக்குக் கறாரான அபிப்பிராயம் இருந்தது. எண் சீட்டுகள் நாற்பதில் அவருக்கு அவ்வளவு கவலையில்லை என்றே ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கலைஞருக்கு இடம் கிடைத்தது முதலாளி கவனிக்காத இடத்தில். 1909 நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை முடித்தேன், கிடைத்த காசு அற்பம் என்று சொல்கிறார் பமீலா. கட்டு 'ரைடர்-வெய்ட்' என்ற பெயரில் உலகத்தைச் சுற்றியது. வெளியிட்டவர் பெயரும் சொன்னவர் பெயரும் உண்டு. வரைந்தவர், சீட்டின் மூலையில் பாம்புபோல் நெளியும் தன் முதலெழுத்துகளோடு நின்றுவிட்டார்.

அந்த நாற்பது சீட்டுகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அவருக்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. 1491 வாக்கில் உலோகத்தில் செதுக்கி அச்சிட்ட சோலா-பூஸ்கா கட்டின் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. எண் சீட்டுகளிலும் மனித உருவங்கள் கொண்ட கட்டு அது. மூன்று வாள்கள் துளைத்த இதயம் அங்கேயே இருக்கிறது. அதை எடுத்துப் பின்னால் மழை பெய்ய வைத்தார் பமீலா. திருட்டு என்பவர்கள் மழையைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் வாளில் ஓர் உருவம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறது. வாள்கள் பின்னால் இருட்டில் கிடைமட்டமாகத் தொங்குகின்றன, ஒன்றுகூட ஆளைத் தொடவில்லை. போர்வையில் ரோஜாப்பூ. ஐந்தாம் நாணயத்தில் பனியில் இரண்டு ஏழைகள், ஒருவன் ஊன்றுகோல்களோடு. மேலே விளக்கெரியும் வண்ணக் கண்ணாடி ஜன்னல். நாணயங்கள் ஐந்தும் அந்த ஜன்னலில்தான். பணம் இருக்கிறது, வெளிச்சத்தின் பக்கம் இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பதினோரு வருஷமாகப் பணம் எண்ணும் ஒருவனுக்கு இந்தச் சீட்டு ஜோசியம் சொல்லத் தேவையில்லை. எட்டாம் கிண்ணத்தில் அடுக்கிவைத்த கிண்ணங்களை விட்டு ஒருவன் நிலவொளியில் நமக்கு முதுகு காட்டிப் போய்க்கொண்டிருக்கிறான். முகம் காட்டாமலிருப்பதன் பலத்தை நாடக மேடையில் கற்றவர் பமீலா. பல சீட்டுகளில் தரைக்கும் பின்புலத்துக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மேடை. அந்தப் பக்கம் தொங்கவிட்ட திரை.

குறியீடு என்றால் என்ன என்ற கேள்விக்கே இங்கே விடை கிடைக்கிறது என்பது என் எண்ணம். துருப்புகளில் குறியீடு பாடம் ஒப்பிக்கிறது. தூண் இதற்கு, மாதுளை அதற்கு. எண் சீட்டுகளில் படிமம் ஆகிவிடுகிறது. படிமத்துக்கு அகராதி தேவைப்படாது.

ஆகவே புதுக் கட்டு ஒன்றை வாங்குகிறவர் துருப்புகளைப் பார்த்து மயங்கக்கூடாது. மரணத்தையும் சாத்தானையும் சுமாரான ஓவியன்கூட மிரட்டலாக வரைந்துவிடுவான். ஏழாம் கோலையும் நாலாம் கிண்ணத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். டாலியின் கட்டு (1984) இந்தச் சோதனையில் தேறுவதில்லை. மந்திரவாதி டாலி, மகாராணி அவர் மனைவி காலா. பழைய ஓவியங்களிலிருந்து வெட்டி ஒட்டியதன்மேல் கையெழுத்துப்போல் ஓடும் தூரிகை. பமீலாவுக்கு எது கிடைக்கவில்லையோ அது இதில் எல்லாச் சீட்டிலும் இருக்கிறது. லியோனோரா காரிங்டன் 22 துருப்புகளோடு நிறுத்திக்கொண்டார். 2020-இல் அவை புத்தகமாக வந்தபோது தெரிந்தது, அது விற்கச் செய்த கட்டல்ல, தனக்காகத் தீட்டியது என்பது. ஃப்ரீடா ஹாரிஸ் க்ரோலிக்காக 1938-க்கும் 1943-க்கும் இடையே தீட்டிய தோத் கட்டு வேறு ஜாதி. எண் சீட்டுகளில் மனிதர்களே இல்லாமல், வடிவமும் வர்ணமும் மோதுவதை வைத்தே வேதனையைக் காட்டிவிடுகிறது. அது சீட்டாக முறையாக வெளிவந்தது 1969-இல். அதற்குள் இருவரும் இறந்துவிட்டிருந்தார்கள்.

மற்றபடி இன்று வருவதில் பெரும்பகுதி பமீலாவின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு உடையை மாற்றுவது. 2019-இல் வந்த லிசா ஸ்டெர்லின் கட்டில் இந்தக் காலத்துப் பெண்கள் இந்தக் காலத்து உடையில் அதே நிலைகளில் நிற்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ராகம் ஒன்றாயிருந்தாலும் பாடுகிறவர் வேறுதான். ஆனால் பெரும்பாலானவற்றில் பாடுகிறவரே இல்லை. சுருதிப்பெட்டி மட்டும் ஓடுகிறது. பமீலா 1951-இல் கார்ன்வாலில் பியூட் என்ற கடலோர ஊரில் கடனோடு இறந்தார். சாமான்கள் விற்கப்பட்டன. டாரட்டின் மூலச் சித்திரங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகையால் நமக்குக் கிடைப்பதெல்லாம் அச்சின் அச்சு. 1971-இல் அமெரிக்காவில் பரவலான பதிப்பில் மஞ்சளும் நீலமும் காலண்டர்போல அடிக்கின்றன. 2009-இல் நூற்றாண்டை ஒட்டி வந்த பதிப்பு மங்கலான நிறத்தில், கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அதில் அவர் பெயர் வெய்ட்டுக்கு முன்னால் வருகிறது. வாங்குவதானால் இதை வாங்கலாம். காப்புரிமை பிரிட்டனில் 2021-ஓடு தீர்ந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். என்னிடம் உள்ள மலிவுப் பதிப்பு ஒன்றில் ஓரம் வெட்டுப்பட்டுச் சில சீட்டுகளில் அந்த நெளிந்த முதலெழுத்துகள் பாதி போய்விட்டன.

கிம் க்ரான்ஸ் 2012-இல் தானே வெளியிட்ட 'வைல்ட் அன்நோன்' கட்டு மட்டும் என்னை இன்னும் விடவில்லை. மனிதர்களை முழுக்க வெளியேற்றிவிட்டு மிருகங்களும் மரங்களும் கருப்புக் கோடுகளும் வைத்துச் செய்தது. தைரியமான காரியம். பமீலாவின் எட்டாம் நாணயத்தில் ஓர் இளைஞன் பெஞ்சில் உட்கார்ந்து சுத்தியும் உளியுமாக நாணயம் செதுக்குகிறான். முடித்தவை கம்பத்தில் மாட்டியிருக்கின்றன, ஊர் தூரத்தில். அதே சீட்டில் க்ரான்ஸ் வரைந்திருப்பது வலை பின்னும் சிலந்தியை. அழகான மாற்று, முதலில் பார்த்தபோது பமீலாவுடையதைவிட மேல் என்றுகூடத் தோன்றும். ஆனால் சிலந்தி கூலிக்கு வேலை செய்வதில்லை, ஊர் என்ன சொல்லும் என்றும் அதற்கில்லை. செதுக்கிக்கொண்டிருப்பவன் அற்பக் காசுக்கு 80 படம் வரைந்தவரின் ஆள். கைவேலையை இயல்பூக்கமாக மாற்றியதில் வரலாறு வெளியே போய்விட்டது என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். வரலாறு வெளியே போனதுதான் அந்தக் கட்டின் விசேஷம் என்றார் அவர். வாதம் முடியவில்லை. அவர் வாளின் வரிசையைச் சொல்கிறார். நான் கிண்ணங்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.