அம்பிளிக்கையில் நிகழ்ந்த ஆய்வும் பீர்மேட்டுப் பெண்களும்

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கங்காணிகளின் காலத்தில் மதுரைச் சீமையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் மலையேறியவை. ஆகவே, கீழே சமவெளியில் பெண்களின் உடல்நலம் குறித்து நிகழ்ந்த ஆய்வுகளை அயலார் கதையாகக் கருத இம்மலைக்கு உரிமையில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது பற்றி உலகம் கற்ற முதன்மையான பாடங்களுள் ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலிருந்து வந்தது.

தோலில் மரு தோன்றக் காரணமான நச்சுயிரிக் குடும்பத்தைச் சேர்ந்த சில வகைகளே கருப்பைவாயிலும் புற்றை விளைவிக்கின்றன. இதை 1980களில் நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் காரணம் தெரியுமுன்பே பரிசோதனை வந்துவிட்டது. பாப்பனிகொலாவும் டிராட்டும் 1943இல் நூலாக வெளியிட்ட உயிரணுப் பூச்சு முறை, செல்வ நாடுகளில் இந்நோயால் நேரும் இறப்பைப் பெருமளவு குறைத்தது. அதற்கு ஆய்வகமும், நுண்ணோக்கியில் பழகிய கண்களும், பெண் மீண்டும் மீண்டும் வந்துபோவதும் தேவை. கொழுந்து பறிப்பவளுக்கு மூன்று பயணம் என்பது மூன்று நாள் கூலி. இம்முறை நம் ஊர்களில் வேரூன்றாமைக்கு அறியாமையைக் காரணம் காட்டுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மாற்று வழி எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை, கருப்பைவாயில் தடவிச் சற்றுப் பொறுத்தால் கெடுதலான திசு வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியின் கண்ணும் நல்ல விளக்கும் போதும். இம்முறையின் வேர் ஹான்ஸ் ஹின்செல்மன் என்னும் ஜெர்மானியரிடம் உள்ளது. 1925இல் கருப்பைவாய் நோக்கியை உருவாக்கியவர் அவர். நாஜி ஆட்சியில் ரோமா இனப் பெண்களைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தியமைக்காகப் பின்னர் தண்டிக்கப்பட்டவரும் அவரே. ஆஷ்விட்ஸ் முகாமில் யூதப் பெண்கள் மீது நடந்த கருப்பைவாய்ச் சோதனைகளுக்கும் அவருக்கும் தொடர்பிருந்தது. மருத்துவப் பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

திண்டுக்கல் ஆய்வை வழிநடத்தியவர் இரா. சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிப் பின்னர் பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குச் சென்றவர். அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் உடன் நின்றன. 114 ஊர்த்தொகுதிகளுள் 57இல் 30 முதல் 59 வயதுவரையான பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். 57இல் வழக்கமான மருத்துவமே தொடர்ந்தது. 2000-03இல், அழைக்கப்பட்ட 49,311 பேருள் 31,343 பேர் வந்தனர். தகுதியுள்ளோர்க்கு, செவிலியரே அந்த வருகையிலேயே உறைகுளிர் சிகிச்சையும் அளித்தனர். மீண்டும் வரவேண்டியதில்லை என்பதே என் கருத்தில் இதன் உயிர்நாடி. 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது: ஒரே ஒருமுறைப் பரிசோதனையால் நோய் 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

எனினும் பரிசோதிக்கப்படாத ஊர்கள்? திண்டுக்கல், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், மும்பை ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து 1,38,624 பெண்கள் அப்பிரிவில் இருந்தனர். அவர்களுள் 254 பேர் இந்நோயால் இறந்தனர். பயன் தெரிந்த பரிசோதனையை மறுத்தது அறமன்று என்று எரிக் சூபா முதலியோர் வாதிட்டனர். அவ்வூர்களில் முன்பும் பரிசோதனை எதுவும் இருந்ததில்லை, வினிகர் முறை உயிர் காக்கும் என்பதற்கு அதுவரை சான்றில்லை என்பது ஆய்வாளர் தரப்பு. இரண்டாவது வாதத்தை என்னால் ஏற்க முடிகிறது. முதலாவது என்னை உறுத்துகிறது. ஓர் ஊரின் ஏழ்மையே அங்கு ஒப்பீட்டுக் குழு அமைக்கத் தகுதியாகிவிடுகிறது. திண்டுக்கல்லில் அப்பிரிவில் இறந்தோர் 92 பேர். அவர்களின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இடம்பெறா.

ஆய்வு முடிவு வெளியான அதே 2007இல், தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் இப்பரிசோதனையை முன்னோட்டத் திட்டமாகத் தொடங்கியது. பின்னர் அது மாநிலமெங்கும் விரிந்தது. தேனி மாவட்டம் குமுளியோடு முடிகிறது. மாநிலத் திட்டமும் அங்கேயே நின்றது. மேலே மலையிலோ, 2000ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து பீர்மேட்டில் பல தோட்டங்கள் கைவிடப்பட்ட காலம் அது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் உறுதியளித்த மருத்துவ வசதி, கூலியோடு சேர்ந்தே மறைந்தது.

அக்காலத் தோட்ட ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளைத் தேடி வருகிறேன். வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, பீர்மேடு பகுதிகளில் கம்பவுண்டராகவோ செவிலியாகவோ பணியாற்றிய பெரியோர் வீடுகளில் அவை இருக்கக்கூடும். அறிந்தவர்கள் எழுதுங்கள். நோயாளிகளின் பெயர்கள் வெளிவராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.