மூன்று உடல்கள், ஒரு படம்: தென்னிந்தியச் சிவிங்கிப்புலியின் சான்றுகள் குறித்து

இந்தியாவில் சிவிங்கிப்புலியின் பழைய பரவல் வடக்கே பஞ்சாபிலிருந்து தெற்கே திருநெல்வேலி மாவட்டம் வரை இருந்ததாக, எம். கே. ரஞ்சித்சிங்கும் ஒய். வி. ஜாலாவும் 2010-இல் அளித்த மறு அறிமுக அறிக்கை குறிப்பிடுகிறது. அந்தப் பழைய திருநெல்வேலிக்குள் 1986-இல் பிரிந்த இன்றைய தூத்துக்குடி மாவட்டமும் அடங்கும். எனவே கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம் என நீளும் கரிசல் வெளியும், தெற்கே சிவிங்கி வாழ்ந்ததா என்ற கேள்விக்குள் வந்துவிடுகிறது. ஆனால் சிவிங்கி இந்த மண்ணில் நடமாடியதைக் காட்டும் ஒளிப்படம் ஒன்றும் இல்லை. இந்தியா முழுவதற்குமே, காட்டில் உயிரோடு திரிந்த ஆசியச் சிவிங்கியின் ஐயமற்ற படம் எதுவும் ஆய்வாளர் பார்வைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இந்த இன்மைக்கு ஒரு நூல் பெரிய விளக்கம் தந்தது. வால்மிக் தாப்பர், ரொமிலா தாப்பர், யூசுப் அன்சாரி மூவரும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ‘எக்ஸாட்டிக் ஏலியன்ஸ்’ நூலின்படி, சிங்கமும் சிவிங்கியும் இம்மண்ணின் விலங்குகளே அல்ல. அரசர்கள் வேட்டைக்காகவும் பெருமைக்காகவும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை அவை. காட்டில் தென்பட்டவை தப்பியோடியவையும் அவற்றின் வழிவந்தவையுமே. பழைய இலக்கியத்திலும் சிற்பத்திலும் சிவிங்கி அரிதாகவே தென்படுவதும், காட்டில் சுடப்பட்டவற்றின் பதிவுகள் மிகக் குறைவாக இருப்பதும் அவர்கள் எடுத்துவைக்கும் முதன்மையான காரணங்கள்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 1918-க்கும் 1945-க்கும் இடையில் இந்திய மன்னர்கள் சுமார் 200 சிவிங்கிகளை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்ததாகக் கணக்கு உள்ளது. கோலாப்பூர், பவநகர் அரண்மனைகளின் பழைய படங்களில் சங்கிலியோடு நிற்பது எந்தக் கண்டத்து விலங்கு என்பதைப் படத்தைக் கொண்டு மட்டும் சொல்லிவிட இயலாது. அரண்மனைப் படங்களைச் சான்றாக ஏற்கத் தயங்கியவரை அந்நூலாசிரியர்கள் செய்தது சரியே.

அவர்கள் தடுமாறுவது வேறு ஒரு படத்தில். இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கோரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ், சுட்ட மூன்று சிவிங்கிகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்கும் படம் அது. அவருடைய தனிச்செயலர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிய குறிப்பு 1948-இல் கழக இதழில் வெளிவந்தது. இந்தக் கொலையைக் கடிந்து இதழாசிரியர்களும் எழுதினார்கள். வேட்டை நடந்த ஆண்டை 1947 என்போரும் 1948 என்போரும் உண்டு. இதழ் வெளிவந்த ஆண்டையே வேட்டையாண்டாகக் கொண்டதால் பின்னது வந்திருக்கலாம். முடிவாகச் சொல்ல நான் தயாரில்லை.

ஆண்டைவிட முக்கியமானது அந்தக் குறிப்பில் உள்ள விவரம். இரவு நேரம், காரின் விளக்கொளி, அருகருகே இருந்த மூன்று விலங்குகள். மூன்றும் ஆண்கள், ஒரே ஈற்றில் பிறந்தவையாக இருக்கலாம் என்று அன்றே கருதினார்கள். வேட்டைப் பெருமைக்காக எழுதப்பட்ட இந்த வரி, அதை எழுதியவர் அறியாமலே ஓர் உயிரியல் சான்றாகிவிட்டது. உடன்பிறந்த ஆண் சிவிங்கிகள் தாயைப் பிரிந்த பின்னும் கூட்டாகவே வாழ்கின்றன என்பதை செரெங்கெட்டியில் பல்லாண்டு ஆய்ந்த டிம் காரோ 1994-இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டியது. கோரியாவில் அந்தக் குறிப்பை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமல் எழுதியதால்தான் அதை நம்பலாம்.

தப்பியோடியவை என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை. வேட்டைக்குப் பழக்கும் சிவிங்கியைக் குட்டியாகப் பிடிப்பதில்லை; தாயிடம் வேட்டை கற்று வளர்ந்ததையே பிடிப்பார்கள். கூண்டில் அது ஈனுவது அரிதிலும் அரிது. ஜஹாங்கீர் தம் நினைவேட்டில் பதிந்த ஓர் ஈற்றுக்குப் பிறகு, நன்கு பதிவான அடுத்த நிகழ்வு 1956-இல் ஃபிலடெல்ஃபியா விலங்குக் காட்சிச்சாலையில்தான் நிகழ்ந்தது. அப்படியிருக்க, ஒரே வயதுச் சகோதரர் மூவர் ஒரு லாயத்திலிருந்து ஒன்றாகத் தப்பிவந்தார்கள் என்பதை எப்படி ஏற்பது? அவை காட்டில் பிறந்தவை. தப்பியவற்றின் பேரக்குட்டிகளாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் ஈன்று நிலைத்த விலங்கை அயலான் என்று தள்ளுவதற்குக் கூடுதல் சான்று வேண்டும். அதைத் தரவேண்டிய பொறுப்பு அந்நூலாசிரியர்களுடையது. அக்பரின் சிவிங்கிகளை நாகோர், மேர்த்தா, ஜெய்சல்மேர் பக்கங்களில் குழி வெட்டிப் பிடித்ததை அபுல் பசல் எழுதிவைத்திருப்பதும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

மரபணுச் சான்று இரு பக்கமும் வெட்டும். மைசூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள 19-ஆம் நூற்றாண்டுத் தோலை உள்ளடக்கி 2020-இல் வந்த ஆய்வு, ஆசியச் சிவிங்கி ஆப்பிரிக்க வகைகளிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்தது என்றது. ஆசியச் சிவிங்கி என்ற வகை ஆப்பிரிக்க இறக்குமதிகளின் வழிவந்தது அல்ல என்பது இதனால் தெரிகிறது. ஆனால் இந்தியாவுக்கு அது பாரசீகத்திலிருந்து வந்திருக்க முடியாது என்பது உறுதியாகவில்லை.

காட்டில் உயிரோடு எடுத்த படம் ஏன் இல்லை என்பதற்கு விலங்கு இல்லாமையைவிடக் காலப் பொருத்தமின்மையே போதிய விளக்கம். எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களில் இழுகம்பி கட்டி, புலியே கால் பட்டுத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவர் நூல் 1927-இல் வந்தது. புலிக்குத் தடம் உண்டு, வெட்டவெளியில் திரியும் சிவிங்கிக்கு அந்தக் கம்பியை எங்கே கட்டுவது? தொலைவிலிருந்து ஓட்டத்தைப் பிடிக்கும் லென்சுகள் பரவியபோது இங்கே சிவிங்கியே மிஞ்சவில்லை. இன்று ஈரானில் தானியங்கிக் கேமராக்களில் விழும் புள்ளிகளின் அமைப்பைக் கொண்டே ஒவ்வொரு சிவிங்கியையும் அடையாளம் காண்கிறார்கள். மறு அறிமுகத்துக்காகக் குனோ தேசியப் பூங்காவில் 2022 செப்டம்பர் 17-இல் வந்திறங்கியவை நமீபிய விலங்குகள் ஆதலால், அங்கே குவியும் படங்கள் நம் கேள்விக்கு உதவா.

தெற்கே வரவரச் சான்று மெலிகிறது. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாச’ நூல் சிவிங்கியைக் கொண்டு ஆடும் வேட்டையை விவரிக்கிறது. சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகட் இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்த சிவிங்கியை ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1764-65 வாக்கில், இரு இந்தியப் பணியாளரோடு வரைந்தார். எந்தக் காட்டில் பிடிபட்டது என்ற குறிப்பு அதோடு இல்லை. 1952-இல், நாட்டில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், அன்றைய சென்னை மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் ஒன்றைக் கண்டதாகக் கே. எம். கிர்க்பாட்ரிக் பம்பாய்க் கழக இதழில் பதிந்தார். அதற்கும் படமில்லை.

ஆயினும் கரிசலைத் தள்ளிவிட முடியாது என்றே வாதிடுவேன். இந்தியச் சிவிங்கியின் முதன்மை இரை வெளிமான். அது இயற்கையாக வாழும் தென்கோடி இடம் வல்லநாடு. 1987-இல் சரணாலயமாக்கப்பட்ட அந்த 16.41 சதுர கி.மீ. கயத்தாற்றுக்குத் தொலைவில்லை. பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த மானாவாரிக் காடுகளும், இடையிடையே தரிசும் உடைமரமுமான திறந்த வெளி இது. சித்தூர் வரை வந்த விலங்கை வெளிமானின் கடைசி எல்லைக்கு வரவிடாமல் தடுக்க இடையில் மலைத்தொடர் அரண் ஒன்றும் இல்லை. இரை இருந்தது, நிலம் இருந்தது என்பதால் வேட்டை விலங்கும் இருந்தது என்று ஆகிவிடாது; ஆனால் திருநெல்வேலி என்ற பதிவை எழுத்துப் பிழை என ஒதுக்கவும் இடமில்லை. ‘வேட்டைச் சிறுத்தை’ என்றும் வெறும் ‘சிறுத்தை’ என்றும் மாறிமாறி எழுதிய பழைய குறிப்புகளை மீண்டும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இதற்கு வாசகர் உதவி வேண்டும். எட்டயபுரம், கடம்பூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் வேட்டைப் படமோ பாடம் செய்த தலையோ இருந்தால், சிறுத்தை என்று பெயரெழுதி மாட்டும் முன் முகத்தைப் பாருங்கள். கண்ணின் உள்முனையிலிருந்து வாயோரம் வரை கருங்கோடு இறங்கியிருந்து, உடலில் வளையப் புள்ளிகளுக்குப் பதில் நிறைபுள்ளிகள் இருந்தால் அது சிவிங்கி. படத்தின் பின்புறத்தையும் புரட்டி, அங்கே ஊரோ தேதியோ எழுதியிருந்தால் அழியுமுன் படியெடுத்து வையுங்கள்.