காக்கியும் நீலமும்: கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசன்

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடையாளம் உண்டு. காங்கேயம் என்றால் காளை. திருப்பூர் என்றால் பனியன். பண்ருட்டி என்றால் பலாப்பழம். கடலூர் என்றால்? பலரும் புயல், சுனாமி என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்தியக் கால்பந்து விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். 'பெண்கள் கால்பந்து' என்பார்.

அந்தப் பதிலுக்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் இந்துமதி கதிரேசன். 1994-ல் பிறந்தவர். நடுக்களத்தில் ஆடுபவர். இந்தியாவுக்காக நீலச் சட்டை போட்டவர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகக் காக்கிச் சட்டையும் போட்டவர். இந்த இரண்டு சட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தியாவில் ஒரு பெண் எப்படி சர்வதேசக் கால்பந்து வீராங்கனையாக நிலைக்க முடிகிறது என்பது புரியும்.

மறந்துபோன தொடக்கம்

இந்தியப் பெண்கள் கால்பந்து நேற்று முளைத்தது அல்ல. 1975-லேயே பெண்களுக்கென்று தனிக் கால்பந்து சம்மேளனம் தொடங்கப்பட்டது. 1979-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். ஆசியாவின் முதல் வரிசையில் இருந்த அணி அது!

அதன் பிறகு இறங்குமுகம்தான். ஜப்பான், சீனா, கொரியா எல்லாம் பணம் போட்டு அணிகளை வளர்த்தன. இங்கே அது நடக்கவில்லை. எந்த அளவுக்கு என்றால், நீண்ட காலம் சர்வதேச ஆட்டமே ஆடாததால் 2009-ல் இந்தியப் பெண்கள் அணி ஃபிஃபா தரவரிசைப் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டது. தோற்று இறங்குவது வேறு, ஆடாமலே காணாமல் போவது வேறு. அப்போது இந்துமதிக்கு வயது 15. அவர் கால்பந்தைப் பிடித்துக்கொண்டது இப்படி ஒரு காலத்தில்தான்.

கடலூர் மைதானம்

தேசிய அணி தூங்கிக்கொண்டிருந்தபோதும் கடலூரில் பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது. பயிற்சியாளர் மாரியப்பனிடம் பெண் பிள்ளைகள் ஆட்டம் கற்றுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அரசு இல்லங்களில் தங்கிப் படித்தவர்களும் உண்டு. பின்னாளில் இந்தியாவுக்கு ஆடிய சந்தியா ரங்கநாதன் அப்படி கடலூர் அரசு இல்லத்தில் வளர்ந்தவர்தான். இங்கே உருவான இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, பெரிய முதலாளி யாரும் இல்லாமலே இந்திய மகளிர் லீக் வரை போய் ஆடியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் பிள்ளை தினமும் மைதானத்துக்கு வர வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும்? பந்தும் பூட்ஸும் மட்டும் போதாது. தங்க இடம், சாப்பாடு, படிப்பு, "அரை டிராயர் போட்டு ஆடுவதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பெரியவர்... இவ்வளவும் வேண்டும். கடலூரில் இவை ஓரளவு ஒன்றாக அமைந்தன. மண்ணின் மகிமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் இந்த உழைப்பு மறைந்துபோகும்.

சிலிகுரியும் விராட்நகரும்

2017 ஜனவரி 4. சிலிகுரியில் தெற்காசிய மகளிர் கால்பந்து (சாஃப்) இறுதி ஆட்டம். இந்தியாவும் வங்கதேசமும் மோதின. இந்தியா 3-1 என்று வென்றது. அந்த மூன்று கோல்களில் ஒன்று இந்துமதியுடையது.

அடுத்த சாஃப் போட்டி 2019 மார்ச்சில், நேபாளத்தின் விராட்நகரில். அரை இறுதியில் மறுபடியும் வங்கதேசம். இந்த முறை 4-0. இந்துமதி மட்டும் இரண்டு கோல், இரண்டுமே முதல் பாதியில். இறுதி ஆட்டத்தில் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஆடிய நேபாளத்தை இந்தியா 3-1 என்று வீழ்த்தியது. இந்தியாவுக்கு அது தொடர்ச்சியாக ஐந்தாவது சாஃப் பட்டம்.

தேசிய அணிக்கு வெளியேயும் அது நல்ல காலம். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது என்பது, ஆண்கள் கிரிக்கெட்டில் ரஞ்சிக் கோப்பைக்காக மும்பையைத் தோற்கடிப்பது மாதிரி! 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த அணியிலும் இந்துமதி இருந்தார்.

லத்தியும் பந்தும்

சரி, இவ்வளவு சாதித்தவர் எதை வைத்துப் பிழைப்பது? இங்கேதான் காக்கிச் சட்டை வருகிறது.

இந்திய மகளிர் லீக்கின் முதல் பதிப்பு 2017-ல் டெல்லியில் நடந்தது. ஆறு அணிகள். மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று வார லீக்கை நம்பி யார் வருடம் முழுக்கச் சாப்பிட முடியும்? அணிகள் சொந்த ஊரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறையே 2023-24 சீசனில்தான் வந்தது. லீக்கில் ஆடும் அணிகள் குறைந்தது பத்து வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று சம்மேளனம் அறிவித்ததும் 2023-ல்தான். மாதக் கணக்கில் 27 ஆயிரம்கூட வரவில்லை. அதுவே முன்னேற்றம்!

ஆகவே ஒரு வீராங்கனைக்கு அரசு வேலை என்பது ஆட்டத்துக்குப் பிறகு கிடைக்கும் பரிசு இல்லை. ஆட்டத்தைத் தொடரவே அதுதான் ஆதாரம். 2020 கொரோனா ஊரடங்கில் மற்ற வீரர்கள் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதி சென்னைச் சாலைகளில் பாதுகாப்புப் பணியில் நின்றார். பயிற்சிக்குக் கிடைத்தது பணி போக மிஞ்சிய நேரம்தான்.

ஒரே ஒரு ஆட்டம்

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. 23 பேர் கொண்ட அணியில் இந்துமதி, சந்தியா, மாரியம்மாள் பாலமுருகன், கார்த்திகா அங்கமுத்து என்று தமிழ்நாட்டுப் பெண்கள் வரிசையாக இடம்பிடித்தார்கள். முதல் ஆட்டத்தில் ஈரானுடன் 0-0. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அணிக்குள் கொரோனா பரவிவிட்டது. களமிறக்க 13 பேர்கூடத் தேறவில்லை. இந்தியா விலகியதாக அறிவிக்கப்பட்டது. ஆடிய அந்த ஒரு ஆட்டமும் கணக்கில் சேராமல் போனது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

ஆண்கள் கிரிக்கெட்டில் ஒரு தொடர் போனால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். பெண்கள் கால்பந்தில் அப்படி இல்லை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் வாய்ப்பு அது. அப்போது இந்துமதிக்கு வயது 27.

அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. 2023 மே மாதம் கோகுலம் கேரளா அணியோடு மீண்டும் லீக் பட்டம், இறுதி ஆட்டத்தில் 5-0. அடுத்த மாதமே அமிர்தசரஸில் தமிழ்நாடு அணியோடு ஹரியானாவை 2-1 என்று வென்று தேசிய பட்டம்.

கடைசியாக...

2025 ஜூலை 5 அன்று இந்திய அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில், சியாங் மாயில், 2-1 என்று தோற்கடித்தது. அதன் மூலம் தகுதிச் சுற்றில் ஜெயித்து முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. அந்த வெற்றி திடீரென்று வந்ததில்லை. பட்டியலில் பெயர்கூட இல்லாத காலத்தில் ஆட ஆரம்பித்து, வேலையையும் பார்த்துக்கொண்டு அணியைத் தாங்கிய ஒரு தலைமுறை அதற்கு முன்னால் இருக்கிறது. இந்துமதி அந்தத் தலைமுறை.

கடலூரில் இருந்ததெல்லாம் ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், தங்கிப் படிக்க ஒரு இடம். காங்கேயத்திலோ தாராபுரத்திலோ இது முடியாத காரியமா? நம் பக்கத்து அரசுப் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகள் பந்து ஆடினால், சும்மா கடந்து போகாமல் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். கை தட்டவும் செய்யலாம்!