தங்கிவிடும் வைரஸ்களும் வாழ்நாள் மருந்தும்: தமிழகத்தில் ஒரு மருத்துவத்தின் வளர்ச்சி

உடலுக்குள் புகும் வைரஸ்களுள் பெரும்பாலானவற்றை நோய் எதிர்ப்பாற்றல் சில நாள்களிலோ வாரங்களிலோ அழித்துவிடுகிறது. ஆனால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சைட்டோமெகலோ வைரஸ் முதலிய சில, செல்லின் உட்கருவில் தம் மரபுப்பொருளை நிலைநிறுத்திக்கொண்டு ஆயுள் முழுதும் தங்கிவிடுகின்றன. மருத்துவர்கள் நிலைத்த தொற்று என்று குறிப்பிடும் இந்நிலையில், எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ளவரை ஒடுங்கிக் கிடக்கும் வைரஸ் அது குன்றியதும் பெருகத் தொடங்குகிறது, எச்.ஐ.வி.யோ அந்த எதிர்ப்பாற்றலையே படிப்படியாகக் குலைக்கிறது. தமிழகத்தில் இத்தொற்றுகளுக்கான மருத்துவம் பெரும்பாலும் காசநோய்க்கென எழுந்த மருத்துவமனைகளில் வளர்ந்தது என்பதும், அதன் பலமும் குறையும் அந்தப் பிறப்பிலிருந்தே வந்தவை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த பரிசோதனையில் அவற்றுள் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. இந்தியாவில் அத்தொற்று உறுதியானது அப்போதுதான். அந்த ஆண்டில் உலகின் எந்த நாட்டிலும் அதற்கென ஏற்பளிக்கப்பட்ட மருந்து இல்லை. முதல் மருந்தான சிடோவுடினுக்கு அமெரிக்கா 1987 மார்ச்சில்தான் ஒப்புதல் அளித்தது. எனவே தொற்றைக் கண்டறிந்த பின்னரும் நீண்ட காலம், கண்டறியப்பட்டவர்களுக்குத் தருவதற்கு மருத்துவத்திடம் ஒன்றுமில்லை.

அந்த இடைவெளியில் நோயாளிகளுக்கு இடமளித்தது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. டேவிட் சௌரி முத்து என்னும் மருத்துவர் 1928இல் நிறுவி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் சானடோரியம் அது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களை முதலில் தாக்குவது இந்நாட்டில் பெரும்பாலும் காசநோயே என்பதால், அவர்கள் இயல்பாகவே அங்கு வந்து சேர்ந்தனர். பொது மருத்துவமனைகள் பல சேர்க்கத் தயங்கிய 1990களில் அம்மருத்துவமனை அவர்களைப் படுக்கை கொடுத்து ஏற்றது தமிழக மருத்துவ வரலாற்றில் உரிய மதிப்பை இன்னும் பெறாத செயல். வைரஸுக்கு எதிரான மருந்துகள் கைக்கெட்டாத விலையில் இருந்த அக்காலத்தில் அங்கு ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகளும் தரப்பட்டன. அவை வைரஸை அடக்கும் என்பதை ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய ஆய்வுகள் நிறுவவில்லை. எனினும் வேறொன்றும் கிடைக்காத நிலையில் நோயாளி தொடர்ந்து மருத்துவமனைக்கு வரும் பழக்கம் அதனால் காக்கப்பட்டது என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நாட்டு மருந்தை முறையான ஆய்வுக்கு உட்படுத்திய முயற்சி ஹெபடைடிஸ் பி துறையில் அதற்கு முன்பே நடந்திருந்தது. மஞ்சள் காமாலைக்குத் தமிழ்நாட்டில் வழிவழியாகக் கொடுக்கப்படும் கீழாநெல்லியை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், அந்த வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க் முதலியோருடன் இணைந்து ஆராய்ந்தார். 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, 30 நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் இம்முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் உள்ளூர் அறிவைச் சோதனைக்கு உட்படுத்தி, அதன் விளைவை உலகின் முன் வைத்த துணிவுக்கு அந்த ஆய்வு நல்ல சான்று.

எச்.ஐ.வி. மருத்துவத்தில் திருப்பம் 1996இல் நேர்ந்தது. வெவ்வேறு கட்டங்களில் வைரஸைத் தடுக்கும் மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுத்தால் இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறையும் என்பது அப்போது தெளிவாயிற்று. அடுத்த ஆண்டே அந்த மகிழ்ச்சிக்கு ஒரு வரம்பும் தெரிந்தது: நினைவு சி.டி.4 செல்கள் எனப்படும் நீண்ட ஆயுளுள்ள வெள்ளணுக்களின் மரபிழையில் வைரஸ் பதிந்து உறங்குவதும், மருந்தை நிறுத்தினால் அங்கிருந்து மீண்டும் கிளம்புவதும் ஆய்வுகளில் வெளிப்பட்டன. நோயைத் தீர்ப்பது என்ற குறிக்கோள், வாழ்நாள் முழுதும் அடக்கிவைப்பது என்று மாறியது அப்போதுதான். விலைத் தடையை உடைத்தது இந்திய நிறுவனமான சிப்லா. 2001இல் அது மூன்று மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தர முன்வந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கத் தொடங்கியபோது அவற்றுள் தாம்பரமும் இருந்தது. மக்கள் வழக்கில் கூட்டு மருந்து என்று அறியப்பட்ட இச்சிகிச்சை பின்னர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் வந்தது.

மதுரை வட்டாரத்தில் இம்மருத்துவம் எதிர்கொண்ட முதற்சிக்கல் காசநோயோடு கூடிய தொற்று. காசநோய் மருந்துகளுள் முதன்மையான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, நெவிரபின் என்னும் எச்.ஐ.வி. மருந்தை விரைவாகச் சிதைக்கச் செய்வதால், இரண்டையும் சேர்த்து உண்பவரின் இரத்தத்தில் பின்னதன் அளவு குறைகிறது. நெவிரபினையும் எஃபாவிரென்ஸ் என்னும் மற்றோர் எச்.ஐ.வி. மருந்தையும் நாளொரு வேளை கொடுத்து ஒப்பிட்ட, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் சென்னை நிறுவனத்தின் ஆய்வு 2011இல் வெளிவந்தது. நெவிரபின் பெற்றோர் நிலை தாழ்ந்தே இருந்தது. மதுரையிலும் பிரிவு கொண்ட அந்நிறுவனம் பின்னர் 2018இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிகளுக்கு வாரம் மும்முறை மருந்தைவிட நாள்தோறும் தரும் மருந்தே சிறந்தது என நிறுவியது. காசநோய் மரபில் வளர்ந்த மருத்துவத்தின் பலம் இதில் முழுமையாக வெளிப்படுகிறது.

குறை வெளிப்பட்டது வேறிடத்தில். தொடக்ககால அரசுக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகியவை இருந்தன. இவற்றுள் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்க வல்லது லாமிவுடின் ஒன்றே. இரு தொற்றும் உள்ள ஒருவர் அதைத் தனித்து நெடுங்காலம் பெற்றால் கல்லீரல் வைரஸ் மருந்துக்கு எதிர்ப்பு பெற்றுவிடும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகச் சீறும். இரண்டு வைரஸையும் வலுவாக அடக்கும் டெனோஃபோவிர் முதல்நிலை மருந்தாகும்வரை இவ்வபாயம் நீடித்தது. எச்.ஐ.வி. நோயாளியிடம் காசநோயைத் தவறாமல் தேடிய அமைப்பு, கல்லீரல் தொற்றை அதே விழிப்போடு தேடவில்லை.

கண்ணும் அவ்வாறே பின்தங்கியது. சி.டி.4 எண்ணிக்கை 50க்குக் கீழே இறங்கியவர்களிடம் சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தின்று, வலியின்றிப் பார்வையைப் பறிக்கும். எய்ட்ஸால் வரும் கண் பாதிப்பு இந்தியாவில் முதன்முதலாக 1995இல் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. அதற்கான மருந்தாகிய கான்சிக்ளோவிரைச் சிரை வழி செலுத்துவது செலவு மிக்கது என்பதால் விழிக்குள்ளேயே அதை ஊசி மூலம் செலுத்தும் முறை நம் நாட்டில் பரவியது. ஆனால் அது ஒரு கண்ணைக் காக்குமேயன்றி மறு கண்ணையோ உடலின் பிற உறுப்புகளையோ காக்காது. மேலும், கூட்டு மருந்தால் எதிர்ப்பாற்றல் மீளும்போது அதே கண்ணில் புதிதாக அழற்சி தோன்றுவதும் உண்டு. கண் மருத்துவத்தில் பெயர் பெற்ற மதுரையிலேயே, விழித்திரைப் பரிசோதனையும் கூட்டு மருந்தும் இருவேறு வாசல்களில் கிடைத்ததால் நோயாளியே இரண்டையும் இணைக்க வேண்டியிருந்தது.

வாழ்நாள் மருந்து என்பது வாழ்நாள் பயணமும் ஆகும். மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் உள்ள சமயநல்லூரிலிருந்து தென்மேற்கே திருமங்கலம் சாலையை ஒட்டிய தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குச் செல்பவர் நகரைக் கடந்தோ சுற்றிக்கொண்டோதான் போக வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். நம்பிக்கை மையங்கள் என்னும் பரிசோதனை நிலையங்களும், கூட்டு மருந்து மையங்களின் இணைப்பு மையங்களும் ஊரக மருத்துவமனைகளை நோக்கி விரிந்ததற்கு இதுவே காரணம். 2017இல் சி.டி.4 எண்ணிக்கையைப் பாராமல் தொற்றுள்ள அனைவருக்கும் மருந்து என்ற கொள்கை வந்தது. 2020க்குப் பின் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை முதல்நிலை மருந்தாயிற்று. அதையும் ரிஃபாம்பிசினோடு உண்பவர்கள் இருவேளை எடுத்தாக வேண்டும் என்பதில் பழைய சிக்கலின் எச்சம் தொடர்கிறது.

இவ்வளவு அனுபவமும் எச்.ஐ.வி. இல்லாமலே எதிர்ப்பாற்றல் குன்றியவர்களை இன்னும் சரிவரச் சென்றடையவில்லை. புற்றுநோய் மருந்து பெறுவோரிடமும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோரிடமும் பல்லாண்டு உறங்கிய ஹெபடைடிஸ் பி மீண்டும் எழுந்து உயிர் பறிக்கக்கூடும். சிகிச்சைக்கு முன் செய்யும் எளிய இரத்தப் பரிசோதனையும், தேவையுள்ளவருக்குத் தடுப்பாக அளிக்கும் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிரும் அதைத் தடுத்துவிடும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாக்கியுள்ளது. மாதந்தோறும் மருந்து கொடுப்பது, வராதவரைத் தேடிப் போவது, வைரஸ் அளவைக் கணித்துக்கொண்டே இருப்பது என்று கூட்டு மருந்து மையங்கள் இருபதாண்டில் பழகிக்கொண்ட நடைமுறைகளைப் புற்றுநோய்ப் பிரிவுகளும் சிறுநீரகப் பிரிவுகளும் கைக்கொள்வதே இத்துறையில் அடுத்து நடக்க வேண்டியது.