காதடைக்கும் ரப்பர் பிறந்த கதை

புது ஹெட்செட் டப்பாவைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்னப் பாலிதீன் உறையில் இரண்டு ஜோடி ரப்பர் கிடக்கும். ஒன்று சிறிசு, ஒன்று பெரிசு. பலரும் அந்த உறையைப் பிரிக்காமலே டப்பாவோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். மாட்டியே வந்த ரப்பரோடு நாலு நாள் பாட்டுக் கேட்டுவிட்டு, "பேஸே இல்லண்ணாச்சி, டூப்ளிகேட்டத் தள்ளிட்டீயள" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன வழக்கு. பெரும்பாலும் குற்றம் ஹெட்செட்டில் இருக்காது. பேஸ் அந்தப் பாலிதீன் உறையோடு போயிருக்கும்.

அந்த ரப்பருக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். 1891-இல் எர்னஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். தொலைபேசி நிலையத்தில் வேலை செய்கிறவர் கையால் பிடிக்காமல் காதிலேயே செருகிக்கொள்ளக் கூடிய, ஐம்பது கிராம் எடைக்குள் அடங்கும் கேட்கும் கருவி அது. நுனியில் ரப்பர் போட்டிருந்தார். உலோகம் காதை உரசக் கூடாது என்பது ஒரு காரணம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் காதை அடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இன்றைக்கு டப்பா மேல் அச்சடித்து விற்கிற இரண்டு வசதிகளையும் அவர் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார். பாட்டுக் கேட்பது அவர் கணக்கிலேயே இல்லை.

அதற்குப் பிறகு இந்த ரப்பரை வளர்த்து ஆளாக்கியவர்கள் காது கேளாதவர்களுக்காக உழைத்தவர்கள். இந்தப் பகுதியை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு; பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டு விஷயம். இந்தியாவின் மிகப் பழைய காதுகேளாதோர் பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. 1890-களில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கியது. இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது. அவர் தொடங்கிய காலத்தில் மின்சாரக் காதுக்கருவி என்று ஒன்று கிடையாது. பின்னால் அது வந்தது: சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், காதில் ஒரு குமிழ். நம் பக்கத்தில் 'காது மிஷின்' என்பார்கள். அந்தக் குமிழைக் காதோடு சேர்க்கிற துண்டுக்கு மோல்ட் என்று பெயர். ஹெட்செட் ரப்பருக்கு அதுதான் அப்பன்.

மோல்ட் எடுப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நூல் கட்டிய ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை முதலில் காதுக்குள் தள்ளி வைப்பார்கள்; பசை செவிப்பறை வரை போய்விடாமல் இருக்க. பிறகு பிசைந்த சிலிக்கான் பசையைச் சிரிஞ்சு வழியாக உள்ளே செலுத்துவார்கள். சில நிமிடங்களில் அது இறுகும். வெளியே இழுத்தால் உங்கள் காதின் உட்புறம் அப்படியே கையில் வரும். யாரும் காதுத் துளையை நேரான குழாய் என்றுதான் நினைத்திருப்பார்கள். அது அப்படி இல்லை. இரண்டு வளைவு, உருண்டையாக இல்லாமல் நீள்வட்டம், ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரே ஆளுக்கு வலது ஒரு மாதிரி, இடது ஒரு மாதிரி.

மோல்ட் சரியாகப் பொருந்தாவிட்டால் மிஷின் கீச்சென்று கத்தும். காதுக்குள் போன சத்தம் இடுக்கு வழியாக வெளியே கசிந்து, பெட்டியின் மைக்கில் மறுபடி விழுந்து, மறுபடி பெருகி வருவதால் எழும் கீச்சு அது. கோயில் கொடையில் ஒலிபெருக்கிக்கு நேரே மைக்கைப் பிடித்தால் கேட்குமே, அதேதான். குழந்தைக்குக் காது வளர்ந்துகொண்டே இருக்கும்; கைக்குழந்தைகளுக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை புது மோல்ட் எடுக்க வேண்டியிருக்கும். எப்போது எடுக்க வேண்டும் என்பதை அந்தக் கீச்சே சொல்லிவிடும். காதடைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி என்ன பாடுபடுத்தும் என்று அந்தத் துறைக்காரர்கள் இப்படித்தான் கற்றார்கள். பாட்டுக் கேட்கிறவனுக்கு அப்படி எச்சரிக்க எதுவும் இல்லை. அவனுக்குக் கசிவு சத்தமாகக் கேட்காது. சத்தம் குறைவாகத்தான் கேட்கும். குறைவது பேஸ்.

ஏன் பேஸ் மட்டும்? வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்கு விளக்குவது சுலபம். குடம் அடிப்பவர் தட்டையான மட்டையால் குடத்தின் வாயை முழுக்க மூடி அடிக்கும்போது 'கும்' என்று வரும். மட்டை சாய்ந்து, ஒரு ஓரம் திறந்து விழுந்தால் வெறும் 'தப்'தான். குடமும் அதேதான், கையும் அதேதான். காற்று அடைபட்டதா இல்லையா என்பதில் எல்லாம் இருக்கிறது. ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஒலித்தகடு ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. திறந்தவெளியில் அதனால் தவிலின் தொப்பிப் பக்கத்தை ஒலிக்கவே முடியாது. ஆனால் ரப்பர் இறுக அடைத்துவிட்டால், அது தள்ள வேண்டியது செவிப்பறைக்கு முன்னால் இருக்கும் ஏறக்குறைய ஒரு மில்லி காற்றை மட்டுமே. தாழ்ந்த ஒலிகள் மெதுவாகத் தள்ளி மெதுவாக இழுப்பவை. ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் அழுத்தம் சேர்வதற்குள் காற்று நழுவிவிடும். உயர்ந்த ஒலிகளுக்கு நழுவ நேரமில்லை. அதனால் பொருந்தாத ரப்பரில் நாதஸ்வரம் பிழைத்துக்கொள்ளும், தவில் தகர டப்பா ஆகிவிடும். (நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சியாரின் பழைய இசைத்தட்டுகளை வைத்துச் சோதிக்காதீர்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் பேஸே கொஞ்சம்தான். ரப்பர் பொருந்தாவிட்டாலும் பெரிதாக எதுவும் தெரியாது.)

இனி கதை வேகமாக நகர்கிறது. 1972-இல் அமெரிக்காவில், ஆலைச் சத்தத்திலிருந்து காதைக் காக்க, விரலால் உருட்டிச் செருகினால் காதுக்குள் மெல்ல விரியும் மஞ்சள் நுரை அடைப்பான் விற்பனைக்கு வந்தது. ராஸ் கார்ட்னர் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அது. அச்சு எடுக்காமலே எந்தக் காதையும் அது அடைத்தது. 1983-இல் மீட் கிலியன் தொடங்கிய எட்டிமோட்டிக் நிறுவனம் அந்த நுரையின் நடுவே ஒரு குழாயை விட்டு, செவித்திறன் சோதிக்கும் செருகுகருவிகளைச் செய்தது. கிலியனும் காதுக்கருவித் துறையில் ஊறியவர்தான். 1991-இல் அதே வழியில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஈஆர்-4 என்ற ஒன்றை வெளியிட்டார். நுனியில் குடை மேல் குடையாக மூன்றடுக்கு ரப்பர். நூறு வருஷம் கழித்து, மெர்காடியேவின் ரப்பர் பாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1995-இல் வான் ஹாலன் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹாலனுக்காக, மேடையில் அணியும் அச்செடுத்த காதுக்கருவியைச் செய்தார். அதுவும் மோல்ட்டின் வாரிசுதான். அதன் பின் ஜப்பானியர்கள் மெல்லிய சிலிக்கான் குடையை மூன்று அளவில் டப்பாவுக்குள் போட்டுக் கொடுக்க, அது தெருவுக்கு வந்தது. அச்செடுப்பு என்ற வேலை மூன்று அளவாகச் சுருங்கியது. மலிவு வந்தது, பொருத்தம் வாங்குகிறவன் பொறுப்பானது. அதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பேஸோடு விஷயம் முடிவதில்லை. ரப்பர் பெரிதாக இருந்து உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றால், அடைப்பு சரியாக இருந்தாலும், அடைபட்ட துளையின் நீளம் கூடும். குழல் நீளமானால் சுருதி இறங்கும் என்பது நாயனக்காரருக்குத் தெரியும். காதுக்குள் எழும் அதிர்வு முகடும் அப்படித்தான் கீழே இறங்கி, 'ஸ்', 'ச்' ஒலிகள் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பாடகி 'ச' சொல்லும்போதெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருந்தால், பாட்டைக் குறை சொல்லும் முன் ஒரு அளவு சின்ன ரப்பரைப் போட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்க்கலாம். நுரை ரப்பர் அந்தக் கூர்மையைச் சற்று உறிஞ்சிவிடும். ஆனால் சித்திரை வெயிலில் பாளையங்கோட்டைப் பஸ் ஸ்டாண்டில் நின்று பாட்டுக் கேட்கிறவனுக்கு நுரையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது; வியர்வையையும் குறும்பியையும் குடித்து அது நாறிப் போகும். சிலிக்கானும் வியர்வையில் வழுக்கத்தான் செய்யும், இருந்தாலும் கழுவிக்கொள்ளலாம்.

பாட்டுக் கேட்பவனுக்கும் ஒரு கீச்சு கிடைத்தது 2019-இல். அந்த வருஷம் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோவில், காதின் உட்புறம் பார்த்த மைக் ஒன்று உண்டு. போன் கொஞ்சம் இசை வாசிக்கும். உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று அந்த மைக் கேட்டு, ரப்பர் சரியா, வேறு அளவு போட வேண்டுமா என்று தனித்தனிக் காதுக்குச் சொல்லும். மூன்று அளவோடு வந்த அந்தக் கருவியின் அடுத்த பதிப்பில், 2022-இல், நாலாவதாக இன்னும் சின்னது ஒன்றைச் சேர்த்தார்கள்.

ஐந்நூறு ரூபாய் ஹெட்செட்டில் அந்த மைக் கிடையாது. அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம்: தவில் நன்றாகப் பதிவான ஒரு புதுப் பாட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் தொம்மென்று இறங்கி, விட்டதும் மெலிந்தால் அளவு தப்பு, அடுத்ததைப் போடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.