நீரடிக் கேமராக் கூடு
கடலடியில் படமெடுக்கும் கேமராவை நீர் புகாமல் காக்கும் அலுமினிய அல்லது பாலிகார்பனேட் பெட்டி. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 30 மீட்டரில் மொத்தம் 4. கதவின் பள்ளத்தில் அமரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமே அத்தனை நீரையும் தடுக்கிறது. அதில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ சிக்கினாலே கசிவுதான். வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும். அள்ளிப் பூசினால் தூசிதான் ஒட்டும். விமானத்தில் கூட்டை இறுக மூடி அனுப்பக் கூடாது. உயரத்தில் உள்காற்று கசிந்து வெளியேறினால், தரையிறங்கியபின் கதவு திறக்காது. உதிரி லித்தியம் பேட்டரிகளுக்குக் கைப்பையில்தான் இடம். முக்குளித்து ஏறியதும், உப்புக் காயுமுன், நன்னீரில் ஊறவைத்துப் பொத்தான்களை அழுத்திவிட வேண்டும். படகின் பொது நன்னீர்த் தொட்டியில் கேமராக்கள் ஒன்றோடொன்று மோதும். ஊறியதும் எடுத்துவிடுவதே நல்லது.