கடல் தொட்ட வேதபுரி

திண்டிவனத்துப் பெருவழியாகப் புதுவை நோக்கி வரும் அன்பர்க்கு எல்லையில் எதிர்ப்படுவது கோரிமேடு என்னும் செம்மண் மேட்டுநிலமாகும். ஜிப்மர் மருத்துவமனையால் இன்று நாடெங்கும் பெயர் பெற்ற இவ்விடத்தினின்று கிழக்கே சரியும் நிலம் கடலிற் சென்று முடிகின்றது. கடற்காற்று வாங்கவும், நேர்வீதிகளின் அழகு காணவும் வருவோர் பலர். சிவநேயச் செல்வர்கள் காணத்தக்கவை அவற்றின் வேறாம்.

கோரிமேட்டிற்கு வடமேற்கே சில கல் தொலைவில் இரும்பை மாகாளம் உளது. திருஞானசம்பந்தப் பெருமான் பாடல் பெற்ற பதி. நகர்க்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டில் வீலர் என்னும் ஆராய்ச்சியாளர் அங்கு அகழ்ந்தபோது உரோமாபுரி நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. பறங்கியர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கரை கடல் வாணிகம் கண்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நகரினுள் அன்பர்கள் மறவாது வணங்க வேண்டுவது வேதபுரீசுவரர் ஆலயம். இப்போது காணும் ஆலயம் பின்னாளில் எழுந்தது. பழைய கோயில் ஏசு சபைத் தேவாலயத்தை அடுத்து நின்றது. 1748-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் படை புதுவையை முற்றுகையிட்டிருந்த வேளையில், செப்டம்பர்த் திங்களில், கவர்னர் துய்ப்ளேயின் ஆணையால் அது இடிக்கப்பட்டது. முற்றுகையோ அக்டோபரில் நீங்கியது! பகைவர் செய்யாததை ஊராள்வோரே செய்து முடித்தனர் என்பதே வருத்தத்திற்குரியது.

துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அக்காட்சியைத் தம் தமிழ் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தடுக்க இயலாதென உணர்ந்த அவர், திருமேனிகளையும் பொருள்களையும் காளத்தீசுவரன் கோயிலுக்குக் கொண்டு சேர்க்குமாறு தம்மிடம் வந்தோர்க்கு அறிவுரை கூறினார். இன்னும் சற்று வன்மையாக எதிர்த்திருக்கலாகாதா என்பார் உண்டு. அந்நியன் கீழ் உத்தியோகம் பார்த்தவர் நிலையை எண்ணினால் அவரைக் கடிந்துரைக்க மனம் வாராது. மறைத்துவிடாமல் எழுதினாரே, அதுவே பெருந்தொண்டு. பின்னர் ஊரார் பொருளுதவியால் வேதபுரியார்க்குத் திருக்கோயில் மீண்டும் எழுந்தது. கல் பெயர்ந்ததேயன்றி வழிபாடு பெயரவில்லை.

கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் கருங்கற்றூண்களையும் நின்று பார்த்தல் வேண்டும். செஞ்சியிலிருந்து கொணரப்பட்ட அவை முன்பு துய்ப்ளே சிலையைச் சூழ நின்றவை. சிற்பியின் உளி தீட்டியது ஒன்று கருதி. அவை நிற்பது வேறொன்றன் பக்கலில்.

புதுவைக் கடலைக் காண உகந்த நாள் மாசிமகமே. அன்று வைத்திக்குப்பத்துக் கரையில் மயிலம் முருகப்பெருமானும், திண்டிவனம் இலட்சுமி நரசிம்மரும், அயலூர் மூர்த்திகள் பலரும் எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்வர். சைவ வைணவ பேதம் அம்மணலில் இல்லை. விடியற்காலையிலேயே சென்று இடம் பிடித்துக் கொள்ளுதல் நன்று. வெயிலேறிய பின் நிற்க நிழல் இராது.